போர்த்த ஒரு துணி

பொழுது விடிவதற்குள் அந்த ஐந்து மாடித் துணிக்கடையைப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும். வாட்ச்மேன் பின்பக்க ஷட்டரை அரையாள் உயரத்துக்குத்தான் தூக்குவார். பெண்கள் குனிந்து நுழைந்து, கைப்பேசியை வாசல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, கம்பெனி கொடுத்த நீலக் கோட்டை மாட்டிக்கொள்வார்கள். கோட்டு எல்லாருக்கும் ஒரே அளவு. பெரியக்காவுக்கு அதில் பொத்தான் எட்டாது, கையும் இறுக்கிப் பிடிக்கும். குச்சிக்கு அது கணுக்கால் வரை தொங்கும். குச்சி என்பது பெரியக்கா வைத்த பேர்.

"உன்னைத் தலைகீழாப் பிடிச்சா ஒட்டடையே அடிக்கலாம்டி. தனியா எதுக்கு ஒரு கம்பு?" என்பாள் பெரியக்கா.

"பிடிங்கக்கா. எனக்கும் குனியற வேலை மிச்சம்."

குனிகிற வேலை குச்சியுடையது. கீழ்த்தளத்தில், இறங்கி வரும் எஸ்கலேட்டரின் அடிப்பக்கம். படிகள் மடங்கித் தரைக்குள் போகிற இடத்தில் சீப்புப் பல் மாதிரி ஒரு இரும்புத் தகடு இருக்கும். அந்தப் பல்லிடுக்கில் நூல், கொண்டை ஊசி, மிதிபட்டுக் கறுத்த சூயிங்கம். முட்டி போட்டு, பிளேடால் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் வழித்தெடுக்க வேண்டும். படி ஓடிக்கொண்டேயிருக்கும். நிறுத்தினால் மறுபடி ஓட்டச் சாவி வேண்டும், சாவி எலக்ட்ரீஷியனிடம், அவர் வருவது கடை திறந்த பிறகு.

"ஓடட்டுமே. படி தானா உன் கைக்கு வருது. துணியைப் பிடிச்சிட்டு உக்காந்தாப் போதும், வேலை முடிஞ்சிரும்" என்று மேனேஜர் சிரிப்பார். எல்லோரும் சிரித்துவைப்பார்கள்.

கடை திறக்குமுன் அந்த எஸ்கலேட்டருக்கு எதிரேதான் ஆட்கள் வரிசையாக நிற்க வேண்டும். விற்பனைப் பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள், லிஃப்ட் ஓட்டும் அண்ணன், துப்புரவுப் பெண்கள், எல்லாரும். மேனேஜர் மேலிருந்து அதில் நின்றபடியே இறங்கி வருவார். கால் நோக நடந்து இறங்கினால் மரியாதை குறைந்துவிடும் போலிருக்கிறது.

அன்றும் வரிசை நின்றுவிட்டது. மேல்படியில் கால் வைக்குமுன் மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, அங்க கறுப்பா என்னது? இங்கிருந்து என் கண்ணுக்குத் தெரியுது, பக்கத்துல இருக்கற உனக்குத் தெரியலையா?"

குச்சி அவசரமாகக் குனிந்தாள். கோட்டின் ஓரம் பல்லுக்குள் போயிற்று.

யாரோ விளையாட்டுக்கு இழுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கோட்டு போயிற்று. உள்ளே உடுத்தியிருந்ததும் அதோடு சேர்ந்து போயிற்று. பிறகு கால். கேட்ட அலறல் தன்னுடையது என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"படியை நிறுத்துற சிவப்புப் பொத்தானை அமுக்குங்கய்யா!" என்று வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

லிஃப்ட் அண்ணன் பாய்ந்து வந்தார். பொத்தான் இருந்த இடத்தில் ஒரு பலகை நின்றது. 'பாதி விலை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெண் படம் சிரித்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் பொத்தானை அமுக்கி விளையாடுகிறார்கள் என்று மேனேஜர்தான் அதை அங்கே வைத்துக் கம்பியால் கட்டவும் சொல்லியிருந்தார். அண்ணன் உதைத்தார், தொங்கினார், பிய்த்தார். கம்பி விடவில்லை. பெரியக்கா துணி வெட்டும் மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து ஓடிவந்தாள். அண்ணன் குச்சியின் துணியை இடுப்போடு வெட்டி, அவளை வெளியே இழுத்துப் போட்டார். வலது காலில் இரண்டு விரல்கள் வரவில்லை.

மாடி மாடியாகத் துணி அடுக்கியிருந்த கடை. அதன் நடுவில் அவள் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் கிடந்தாள். எதிரே அந்த முழு வரிசையும் நின்றது. பெரியக்கா தன் கோட்டைக் கழற்ற முடியாமல் கிழித்துக் கொண்டுவந்து போர்த்தும்வரை அவள் மேல் யாரும் எதையும் போடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு குச்சி வெளிவாசல் பக்கமே போகவில்லை. காலைவிட, எல்லார் முன்னாலும் அப்படிக் கிடந்ததுதான் வலித்தது. தினமும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிற சனம். இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போவது? அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிட்ட மனுஷர் கையால்தான் துணி போயிற்று என்பதை நினைக்கும்போதெல்லாம் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொத்து வேலைக்குப் போகிற அவள் கணவனும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சித்தாள் ஒருவன் ஏதோ கேட்டான் என்று ஒருநாள் பாதி வேலையில் திரும்பி வந்துவிட்டான்.

மேனேஜர் வந்தார். உட்காரவில்லை. கதவருகே நின்றபடி ஒரு தாளை நீட்டினார்.

"உன் கவனக்குறைவாலதான் நடந்துச்சுன்னு ஒரு கையெழுத்து. மருந்துச் செலவு நாங்க பாத்துக்கறோம். மேல ஏதாவது பாத்துப் போட்டுத் தரச் சொல்றேன்."

"நஷ்டஈடுன்னு ஒண்ணு உண்டுன்னு சொல்றாங்களே சார்?" என்றான் கணவன்.

"உண்டு, யார் இல்லேன்னா? கேஸுன்னு போனா கேமராவுல பதிவானதைப் போட்டுக் காட்டணும். நாலு பேர் உக்காந்து பாப்பாங்க. வக்கீல் நிறுத்தி நிறுத்திக் கேப்பான். உனக்குச் சம்மதம்னா எனக்கென்ன?" குரலைத் தாழ்த்தினார். "என் தங்கச்சியா நினைச்சுத்தான் சொல்றேன்."

அவர் போனதும் கணவன் பேனாவைத் தேடி எடுத்துவந்தான். "விரல் போனது போச்சு. மானமாவது மிஞ்சட்டும். போட்டுடு."

"நாளைக்குப் போடறேன்" என்றாள் அவள்.

மறுநாள் சாயங்காலம் பெரியக்காவும் லிஃப்ட் அண்ணனும் வந்தார்கள். அண்ணன் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். குச்சி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

"நீ எதுக்குடி மூடிக்கற? மூடிக்க வேண்டியது நாங்க" என்றாள் பெரியக்கா. "யோவ், உள்ள வாய்யா. வழியெல்லாம் புலம்பிட்டு வந்தியே, இங்க சொல்லு."

அண்ணன் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "போர்வைக் கட்டு என் கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சும்மா. உன்னை வெளிய இழுத்துப் போட்டதும் எடுக்கத்தான் போனேன். விலைச் சீட்டு தொங்குச்சு. ரத்தம் பட்டா என் சம்பளத்துல பிடிப்பாங்களேன்னு நினைச்சேன். கை நின்னுருச்சு. அப்படியே நின்னுருச்சும்மா."

"அவருக்கு மட்டுமா?" என்றாள் பெரியக்கா. "அத்தனை பேருக்கும் கை இருந்துச்சு. துணி இருந்துச்சு. அத்தனை பேரும் சீட்டைத்தான் பாத்தோம். ராத்திரி சோறு இறங்கலைடி. மனுசி கிடக்கறப்போ விலை பாக்கற அளவுக்கு எங்களை ஆக்கி வச்சிருக்கான், நாங்களும் ஆகித் தொலைஞ்சிருக்கோம்."

குச்சி போர்வையை மெல்ல இறக்கினாள். அத்தனை பேரும் தன் உடம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அண்ணன் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். "மூட்டை தூக்கறவங்க சங்கத்துல போய் விசாரிச்சேன். வேலை நேரத்துல, வேலை இடத்துல அடிபட்டா, உன் கவனக்குறைவுன்னு சொல்லிட்டு முதலாளி அவ்வளவு சுலபமாக் கழண்டுக்க முடியாதாம். மெஷினை நிறுத்தவிடாம வேலை வாங்கினது ஒரு தப்பு, பொத்தானை மறைச்சது அதைவிடப் பெரிய தப்பு. அந்தப் படத்துல நீ மட்டுமா இருக்க? நான் பலகையைப் பிடிச்சுத் தொங்கறதும் இருக்கு. அதை மேனேஜர் போடமாட்டான்."

"போட்டுட்டா?" என்றான் கணவன்.

குச்சி தன் கால்கட்டைப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போடாமலே தாளை எடுத்துக் கணவனிடம் கொடுத்தாள்.

"மேனேஜர் கேட்டா, பேனா எழுதலைன்னு சொல்லிடுங்க."

சங்கத்துக்காரர்கள் மனு எழுதிக் கொடுத்தார்கள். விசாரணை தொழிலாளர் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில். அங்கே லிஃப்ட் பழுது என்று அட்டை தொங்கியது. "இதையும் நம்ம ஆளுதான் ஓட்டறாரோ?" என்றாள் பெரியக்கா. அந்த விபத்துக்குப் பிறகு அண்ணன் அன்றைக்குத்தான் முதல்முறை சிரித்தார். கணவன் குனிந்து முதுகைக் காட்டினான். ஜனங்கள் பார்க்கப் பார்க்க அவளைச் சுமந்துகொண்டு ஏறினான்.

மேனேஜர் வக்கீலோடு வந்திருந்தார். விசாரணைக்குப் போகிறவர்கள் வேலைக்குத் திரும்பி வர வேண்டாம் என்று முந்தின நாளே வரிசையில் சொல்லியிருந்தார். கேமராப் பதிவைப் பற்றி அதிகாரி கேட்டதும் வக்கீல் எழுந்தார்.

"கோளாறுல அந்த நாள் பதிவு அழிஞ்சு போச்சு சார்."

குச்சிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்பாடா, யாரும் பார்க்கப் போவதில்லை. அந்த நிம்மதி வந்த கணத்திலேயே அவளுக்கு வெட்கமாகிப் போயிற்று. படம் போனால் பலகையும் போயிற்று, கம்பியும் போயிற்று. பொத்தான் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது, இவள்தான் அசட்டையாக இருந்தாள் என்று வக்கீல் இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. என்ன நடந்துச்சு?" என்றார் அதிகாரி.

எழுந்திருக்க முடியாது, உட்கார்ந்தே சொன்னாள். நிற்காத படியைச் சொன்னாள். மேலிருந்து வந்த அதட்டலைச் சொன்னாள். பலகையைச் சொன்னாள். துணி போன இடத்துக்கு வந்ததும் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கணவன் தரையைப் பார்த்தான். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணன் என் துணியை வெட்டினார் சார்" என்றாள். "பொத்தான் கிடைச்சிருந்தா வெட்டியிருக்க வேண்டாம். எல்லார் முன்னாலயும் நான் துணியில்லாமக் கிடந்தேன். அப்புறம்..." பெரியக்கா பக்கம் திரும்பினாள்.

"அப்புறம் நான் சொல்றேன் சார்." பெரியக்கா எழுந்தாள். "கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தது நான்."

"பலகையைப் பிடிச்சு இழுத்தது நான். கம்பி கட்டச் சொன்னப்போ கட்டினதும் நான்தான் சார்" என்றார் அண்ணன். "அதையும் எழுதிக்கங்க."

"வரிசையா எல்லாரையும் கேட்டுக்கிட்டிருக்க முடியாது" என்று மேனேஜர் எழுந்தார். "வெளியில வேற யாரு நிக்கறா?"

கதவுக்கு வெளியே கடைச் சீருடைகள் தெரிந்தன. கடையில் மேனேஜருக்காக வரிசை நிற்க வேண்டிய நேரம் அது. போர்வைப் பகுதியில் நிற்கிற பெண் முதலில் உள்ளே வந்தாள். இரண்டு கையாலும் தன் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். மேனேஜரைப் பார்க்காமல் குச்சியையே பார்த்தாள்.

"எனக்குப் பேச வராது சார். ஆனா நான் பாத்தேன்."

அதிகாரி இன்னொரு தாளை எடுத்துவைத்தார். இன்று முடியாது போலிருக்கிறது, அடுத்த வாரம் இன்னொரு தேதி போட வேண்டியிருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டார். குச்சி கட்டுப் போட்ட காலைக் கையால் தூக்கி ஓரமாக வைத்து, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காந்து சொல்லு" என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."