கழுத்துக்கு ஒரு ஸ்கேன்

தொலைபேசி நிலையத்தில் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் வேலை; இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒருத்தி வாயாடி. இன்னொருத்தியின் குரலைக் கேட்பதற்காகவே வேண்டுமென்றே தப்பு நம்பர் கேட்பவர்கள் உண்டு; அவள் சர்க்கரை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர்கள் போகவில்லை.

தலைசுற்றலுக்காகக் கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் செய்தபோது, சர்க்கரையின் தைராய்டில் ஒரு கட்டி தெரிந்தது. உடனே வாயாடிக்குப் போன் செய்தாள்.

"தொண்டையில என்னமோ இருக்காம்டி."

"அங்கேயே இரு, வந்துட்டேன்."

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். "நீர்க்கட்டியா இருந்தா விட்டுடலாம். இது கெட்டியா, கறுப்பா தெரியுது. அளவும் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டிடுச்சு. அதனால மெல்லிசா ஊசி குத்தி, கொஞ்சம் செல் எடுத்துப் பாத்துடலாம். பயப்படாதீங்க, இந்த மாதிரி கட்டிங்கள்ல பெரும்பாலானது புத்துநோய் கிடையாது."

"குரல் போயிடுமா டாக்டர்?"

"ஊசிக்கெல்லாம் போகாதும்மா."

ஊசி அறைக்கு வெளியே நர்ஸ் கேட்டாள்: "சர்க்கரை இருக்கா?"

"இவளே சர்க்கரைதான்!" என்றாள் வாயாடி. இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நர்ஸ் திருதிருவென்று விழித்தாள்.

காத்திருந்தபோது வாயாடி பழைய கதையை எடுத்தாள். நிறைமாத வயிற்றோடு அவள் வேலைக்கு வந்த நாளில், போர்டுக்கு முன்னாலேயே வலி கண்டுவிட்டது. சர்க்கரை ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஒயர்களைச் செருகினாள். "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று ஊரையே நிறுத்திவைத்துவிட்டு வண்டிக்குச் சொன்னாள். குரல் துளிகூட நடுங்கவில்லை.

"உள்ளுக்குள்ள எவ்வளவு நடுங்கினேன்னு உனக்கென்ன தெரியும்?" என்றாள் சர்க்கரை. "இப்பவும் அப்படித்தான் இருக்கு."

வாயாடி தோழியின் தோளை அணைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. "சாதாரணக் கட்டிதான். இப்போ ஆபரேஷன் வேண்டாம். வருஷம் ஒருதரம் ஸ்கேன் பண்ணி, வளருதான்னு பாத்துக்குவோம்" என்றார் டாக்டரம்மா.

வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் சர்க்கரைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுது முடித்து மூக்கைத் துடைத்தாள்.

"சூப்பர்வைசர் மீசையை ஒருநாள் பாதி எடுத்துட்டு வந்தாரே, ஏன்டி அது?"

வாயாடி சொல்லத் தொடங்கினாள். அவர்கள் போக வேண்டிய பஸ் வந்தது, நின்றது, போனது. இருவரும் எழவில்லை.