வேலுச்சாமி வாங்கிய அட்வான்ஸ்

இருபத்தெட்டு வருசமாகப் போடியிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் கூலி ஆள் ஏற்றிப் போகிறவர் வேலுச்சாமி. ஒரு தோட்டத்தில் சீசனுக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டால், பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரட்டிப்பாகத் தருகிறேன் என்றாலும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார். அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு அவரைக் கவிழ்த்தது.

மகள் சூர்யகலா சென்னையில் ஒரு பெண்கள் கூடைப்பந்து அணிக்குச் சம்பளத்துக்கு ஆடுகிறாள். வருசத்தில் நாலு மாதம்தான் லீக். மிச்ச மாதங்களில் நெடுங்கண்டம், கட்டப்பனை என்று கேரளத்துப் போட்டிகளில் ஆடித்தான் காலம் தள்ள வேண்டும். இந்த வருச ஒப்பந்தத்தில் சம்பளத்தைத் துளி ஏற்றிவிட்டு, வெளியே எங்கும் ஆடக்கூடாது என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

போன வருசம் அணியின் இளைய பெண் பவித்ராவுக்கு அப்படியொரு வெளிப்போட்டியில் முழங்கால் ஜவ்வு அறுந்துபோனது. லீக் நேரத்தில் பட்ட அடியில்லை என்று நிர்வாகம் கைவிரித்துவிட்டது. அதனால் சூர்யகலாவோடு சேர்த்து அணியில் ஏழு பெண்கள் பேசி வைத்திருந்தார்கள். பன்னிரண்டு மாதமும் சம்பளம், எப்போது அடிபட்டாலும் வைத்தியம். இதற்கு நிர்வாகம் ஒத்துக்கொள்ளும்வரை ஒருத்தியும் கையெழுத்துப் போடுவதில்லை.

இது எதுவும் வேலுச்சாமிக்குத் தெரியாது. அன்றைக்குக் காலையில் அணியின் மேனேஜர் லிங்கேஸ்வரன் ஜீப்பு ஸ்டாண்டுக்கே வந்து, "அண்ணே, பாப்பாவுக்கு அட்வான்ஸ். கையெழுத்து மெதுவாப் போடட்டும்" என்று கவரை நீட்டினார். வேலுச்சாமி பரமசிவன் மலை இருக்கும் பக்கம் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது, லீக் முடிந்து ஊருக்கு வந்திருந்த சூர்யகலா செல்போனைப் பிடித்தபடி நின்றாள்.

"யாரக் கேட்டுப்பா வாங்குன?"

"நல்லதுன்னுதான் ஆத்தா..."

"நான் விலை போயிட்டேன்னு மேனேஜர் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டாரு. பவித்ரா என்ன கேட்டிருக்கா பாரு."

செல்போன் திரையில் 'அக்கா, நீங்களுமா?' என்று இருந்தது. வேலுச்சாமி சோற்றில் கை வைக்கவில்லை. கவரை எடுத்துக்கொண்டு லிங்கேஸ்வரன் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனார்.

லிங்கேஸ்வரன் சிரித்தார். "வாங்குன அட்வான்ஸத் திருப்பித் தர்ற ஆளாண்ணே நீங்க? ஸ்டாண்டுல வேற மாதிரில்ல சொன்னாங்க."

"இன்னைக்கு அப்படி ஆயிட்டேன் சார்." வேலுச்சாமி கவரை மேசைமேல் வைத்தார். "எம்மகளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு அந்தப் பிள்ளைககிட்ட நீங்களே சொல்லிருங்க."

"சொன்னா என் சோலி போயிரும்ணே. எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு."

வேலுச்சாமியால் அதற்குமேல் வற்புறுத்த முடியவில்லை. வாசல்வரை போனவரை லிங்கேஸ்வரன் கூப்பிட்டார். பவித்ராவின் எண்ணைப் போட்டுப் போனை அவர் கையில் கொடுத்தார். "நான் பேசல. நீங்க பேசிக்கங்க" என்று வெளியே போய் நின்றுகொண்டார்.

"ஆத்தா, நான் சூர்யாவோட அப்பன். அது ஒரு பாவமும் அறியாது. வாங்குனது நானு. திருப்பிக் குடுத்துட்டேன்."

பவித்ரா தயங்கித்தான் சொன்னாள். "எங்க டீம் பானுப்பிரியா அக்கா கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாங்கப்பா. சூர்யா அக்காவே வாங்கிட்டாங்கன்னு கேட்டதும் பயந்துட்டாங்க."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "உன் காலு எப்படி ஆத்தா இருக்கு?" என்றார்.

"படி ஏறுனா வலிக்குதுப்பா." பிறகு குரல் இளகியது. "நீங்க பேசுனதே பெருசு. மத்தவங்ககிட்ட இப்பவே சொல்லிர்றேன்."

வீட்டில் அவர் எதையும் மறைக்கவில்லை. பானுப்பிரியா பெயரைச் சொன்னதும் சூர்யகலாவின் முகம் இறுகியது.

"அந்தப் பிள்ளையக் கோவிக்காத. அது என்னால வந்த வினை."

"எனக்கு இந்த வருசம் டீம்ல எடமே இல்லாமப் போகலாம்ப்பா."

"போகலாம்" என்றார். பொய்யாக ஆறுதல் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

சூர்யகலா செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வேலுச்சாமி காதைத் தீட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பானுவுக்கு என்ன ஏச்சு விழுமோ என்று பயந்தார்.

"பானு, அழாதடி. மொதல்ல சாப்பிட்டியா, அதச் சொல்லு" என்றாள் சூர்யகலா.