மடி கரை ஏறும்வரை

ஸுஹைபை இன்னொரு தரம் நம்புகிறவள் பைத்தியக்காரி என்று றுமானா எட்டு மாதமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிச் சொல்லிக்கொண்டேதான் இன்றைக்குக் காலையில் புது ஹபாயாவாகப் பார்த்து உடுத்துக்கொண்டு குறிஞ்சிப்பிட்டிக் கடற்கரைக்கு வந்து நின்றாள். மனசுக்கு எங்கே வெட்கம் இருக்கிறது?

சங்கதி இதுதான். அவளுடைய வாப்பா செய்னுலாப்தீன் கரைவலைச் சம்மாட்டி; கடலில் போட்ட வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற கூட்டத்துக்கு முதலாளி. ஸுஹைப் அவரிடம் கயிறு இழுத்தவன். கயிறு இழுக்க அம்பாப் பாட்டு வேண்டும். ஒருவன் முன்வரி பாடுவான், மற்றவர்கள் மறுவரி சொல்லிச் சொல்லி இழுப்பார்கள். நிக்காஹ் பேசி முடித்த கையோடு, அந்த மெட்டில் அவர்கள் இருவரும் றுமானா வீட்டுக் குசினியில், உம்மா இடியப்பம் பிழிந்துகொண்டிருக்க, கைபேசியில் ஒரு பாட்டைப் பதிந்தார்கள். அவன் முன்வரி, அவள் மறுவரி. பெண்பிள்ளையின் பெயர் வெளியே போகக்கூடாது என்று வாப்பா ஒற்றைக் காலில் நின்றதால் அவன் பெயரை மட்டும் போட்டு இணையத்தில் விட்டார்கள். ஒரு மாதம் போகவில்லை, கொழும்பு பஸ்ஸெல்லாம் அந்தப் பாட்டுத்தான்.

பிறகு கொழும்பு வந்தது, மேடை வந்தது, முனாஸ் என்றொரு மனேஜர் வந்தான். நித்திரையில்லாமல் ஒரே நாளில் மூன்று மேடை ஏறுவதற்கு ஐஸ் என்கிற போதைத்தூளும் வந்தது. அதை முதலில் கண்டுபிடித்தவள் றுமானாதான். கண்ணைப் பார்த்தல்ல, பாட்டைக் கேட்டு. அந்தச் சனியனை எடுத்தால் ஸுஹைப் காத்திருக்கமாட்டான், மறுவரி முடியுமுன்னே அடுத்த வரிக்குப் பாய்ந்துவிடுவான். கேட்டதற்கு அல்லாஹ் மேல் ஆணையிட்டு இல்லையென்றான். அடுத்த கிழமையே முந்தல் ஊர் மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தான். நாடே அதைக் கைபேசியில் பார்த்தது. நிக்காஹ்வுக்கு எடுத்த புடவையை றுமானா தன் கையாலேயே திருப்பி அனுப்பினாள்.

எட்டு மாதம் சிகிச்சை நிலையத்தில் இருந்துவிட்டுப் போன கிழமை வந்தவன், தான் இப்போது சுத்தம், நிக்காஹ்வை வைப்போமா என்று றுமானாவின் உம்மாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டிருந்தான். இன்றைக்கு மதியம் லுஹர் தொழுகைக்குள் பதில் சொல்வதாக றுமானா சொல்லிவிட்டாள். விடிந்ததும் வாப்பாவிடம் போய், ஸுஹைபை முன்வரி பாட விடச் சொன்னாள். ஏனென்று சொல்லவில்லை. வாய் பொய் சொல்லும், அம்பா சொல்லாது என்பது அவள் கணக்கு.

செய்னுலாப்தீனின் மீன்வாடியில் ஒரு சட்டம் உண்டு. பிடித்த கயிற்றை, மீன் சேரும் பையான வலையின் மடி கரை ஏறும்வரை விடக்கூடாது. நடுவில் விட்டவனுக்கு மீனில் பங்குமில்லை, அந்தப் பருவத்தில் கயிறுமில்லை. கயிற்றின் கடைசியில் முழங்கால் நோவோடு வயதான பஸ்தியான் அண்ணன் நின்றார். இருக்கிறவர்களில் அவர்தான் ஆக மெது, முன்வரிக்காரன் அவருக்காகத்தான் காத்திருக்கவேண்டும்.

ஒன்பது மணிக்கெல்லாம் கடல் கொதிக்கத் தொடங்கியது. வலைக்குள் பாரை மீன் கூட்டம், மேலே பறவைக் கூட்டம். நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்க, கயிறு விண்ணென்று நின்றது. சம்மாட்டி தொண்டை கிழியக் கத்தினார். கருவாட்டுப் பெண்கள்கூட வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஸுஹைப் பாடினான்.

“தூரக் கடலில வெள்ளி மின்னுது...”

“விடாத மச்சான் விடாத.”

றுமானா விரல் மடக்கி எண்ணினாள். மறுவரி முடியும்வரை அவன் காத்திருந்தான். மறுபடியும் காத்திருந்தான். அவள் இன்னொரு விரலை மடக்கினாள்.

அப்போதுதான் ஒரு வான் வண்டி வந்து நின்றது. முனாஸ் சப்பாத்தோடு மணலில் விழுந்தெழும்பி வந்தான். பின்னேரம் கொழும்பில் பெரிய மேடையாம், பாட இருந்தவன் வரவில்லையாம், இப்போதே புறப்பட்டால் நாளைக்கு நாடு முழுக்க ஸுஹைபின் பெயர்தானாம். பிறகு குரலைத் தாழ்த்தி, களைப்புக்கு எடுக்கிற சாமானும் வண்டியில் இருக்கிறது என்றான். பக்கத்தில் நின்ற றுமானாவுக்கு அது நன்றாகவே கேட்டது.

ஸுஹைபின் அடுத்த வரி ஓடியது. அதற்கடுத்த வரி பாய்ந்தது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பஸ்தியான் அண்ணன் தடுக்கி முழங்காலில் விழுந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று றுமானா கண்ணை மூடிக்கொண்டாள்.

பாட்டு நின்றது. கண்ணைத் திறந்தால், ஸுஹைப் கயிற்றை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பஸ்தியான் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. கிழவர் எழும்பிக் காலை ஊன்றும்வரை அடுத்த வரியை எடுக்கவில்லை.

“கயிறு கையில இரிக்கு, முனாஸ் நானா,” என்றான். “நீங்க போங்க. இனி வரவும் வேணாம்.”

மறுபடி முன்வரியை எடுத்தான், முன்னைவிட மெதுவாக. ஆனால் இழுப்பவர்களுக்கு மூச்சு முட்டிவிட்டது, மறுவரி சொல்ல ஒருவருக்கும் குரலில்லை. கயிறு ஒரு சாண் கடலுக்குள் வழுக்கியது. ஸுஹைப் மறுவரிக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுக் காத்திருந்தான். அடுத்த வரியிலும் காத்திருந்தான்.

“விடாத மச்சான் விடாத.”

பாடியது தான்தான் என்று றுமானாவுக்கே பிறகுதான் தெரிந்தது. கடற்கரை முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. பஸ்ஸில் கேட்ட குரல் இதுதானா என்று பெண்கள் வாயைப் பிளந்தார்கள். வாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் அடுத்த மறுவரியை விட்டுவிட்டாள்.

“என்ன பாத்துட்டு நிக்கிற? பாடு மகள், வலை போகுது!” என்று கத்தினார் செய்னுலாப்தீன்.

பாடினாள். வயிற்றிலிருந்து பாடினாள். அவன் விட்டுக்கொடுக்க அவள் எடுக்க, கயிறு வந்தது, வலை வந்தது, கடைசியில் மடியும் மணலில் ஏறியது. பாரைகள் துள்ளிய துள்ளலில் சம்மாட்டியின் தொப்பி பறந்தது. ஊரே சிரித்தது, ஸுஹைப் மட்டும் மணலில் குந்திக்கொண்டு அழுதான்.

பங்கு பிரிக்கும்போது செய்னுலாப்தீன் ஸுஹைபுக்கு மூன்று பாரையை வைத்தார். பக்கத்தில் இன்னும் மூன்றை வைத்து, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, “இது மறுவரி பாடின றுமானாவுக்கு,” என்றார்.

பள்ளியில் லுஹர் பாங்கு சொல்லத் தொடங்கியது. ஸுஹைப் பதிலுக்காக அவளைப் பார்த்தான். றுமானா தன் பங்கை எடுத்தாள், அவன் பங்கையும் எடுத்தாள், இரண்டையும் ஒரே கூடையில் போட்டாள்.

“நாளைக்கும் வலை போடுவாங்க,” என்றாள். “நாளைக்கும் கயித்த விடாம புடிக்கோணும்.”

“ஓம்,” என்றான் அவன். கூடையை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.