எவள் சாயை?

கண் மருத்துவமனையின் கூடத்துக்கு ஓவியம் கேட்டபோது, வெளிச்சம் பற்றி ஏதாவது இருக்கட்டும் என்று மட்டும்தான் டாக்டரம்மா சொன்னார். டிராயிங் மாஸ்டர் யோசித்து யோசித்துக் கடைசியில் சூரியனின் வீட்டுக்குள்ளேயே போய் நின்றார். சூரியனின் மனைவி சம்ஞை. கணவனின் வெப்பம் தாங்கமாட்டாமல், அச்சு அசலாகத் தன்னைப் போலவே ஒரு நிழல் பெண்ணை உண்டாக்கி வீட்டில் நிறுத்திவிட்டு, குதிரையாக மாறிக் காட்டுக்குப் போனவள். அந்த நிழல் பெண்தான் சாயை. சூரியனுக்கு வெகுகாலம் வித்தியாசமே தெரியவில்லை.

இரண்டு பெண்களுக்கும் மாஸ்டரின் மனைவியே மாடலாக உட்கார்ந்தாள். வீட்டிலேயே துணி தைக்கிறவள். சனிக்கிழமை சம்ஞை, ஞாயிற்றுக்கிழமை சாயை. சம்ஞையின் காலடியில் வெயிலுக்கு விரியும் தாமரைகளை வரைந்தார். சாயையைச் சுற்றி நிழலில் தழைக்கும் பெரணிச் செடிகள். பார்க்கிறவர்களுக்குப் பளிச்சென்று புரிந்துவிடும் என்று நம்பினார்.

டாக்டரம்மா மாஸ்டர் வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தார். "செடியை மாத்தி வெச்சிட்டீங்களா மாஸ்டர்? நிழல் பொண்ணு காலடியில தாமரை இருக்கே."

"இல்லம்மா, அதுதான் சம்ஞை."

"அப்படியா? இந்த முகத்துல ஒண்ணுமே இல்லையே. பெரணிக்கு நடுவுல உக்காந்திருக்கறவதான் உசிரோட இருக்கா."

மாஸ்டர் வாசற்படி வரை பின்னோக்கி நடந்துபோய்ப் படத்தைப் பார்த்தார். டாக்டரம்மா சொன்னது வாஸ்தவம்தான். அதே முகம், அதே தூரிகை, அதே வண்ணம். எங்கே பிசகியது? டாக்டரம்மா போனதும் நேரே தையல் மெஷின் பக்கம் போனார்.

"சனிக்கிழமை உக்காந்திருந்தப்போ என்ன நெனச்சிட்டிருந்தே?"

"அசையாதேன்னீங்க. அசையாம இருந்தேன்."

"ஞாயித்துக்கிழமை?"

மெஷின் நின்றது. "அவ குதிரையா ஓடிப்போன கதையைச் சொன்னீங்கல்ல? நான் போறதா இருந்தா எங்க போவேன்னு யோசிச்சேன்."

"எங்க?"

"முடிவு பண்றதுக்குள்ள எந்திரின்னுட்டீங்க." சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்தாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாளா, நிஜமாகவா? மாஸ்டருக்குப் பிடிபடவில்லை. மறுநாள் பெரணியை அழித்துத் தாமரை போட்டார். தாமரையை அழித்துப் பெரணி போட்டார். படம் சரியாகிவிட்டது. டாக்டரம்மாவுக்கும் திருப்தி. ஆனால் கூடத்தில் மாட்டியபோது, அசையாமல் உட்கார்ந்திருப்பவளைத்தான் மாஸ்டர் வெகுநேரம் பார்த்தார். இந்த முகத்தைத்தானே வீட்டில் தினமும் பார்க்கிறோம் என்று தோன்றியது. அது எத்தனை வருஷமாக?

அடுத்த வாரம் அவள், "அக்கா வீட்டுக்குப் போயிட்டு பத்து நாள்ல வரேங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் தனியாக எங்கும் போனதில்லை.

"போயிட்டு வா. பஸ் எத்தனை மணிக்கு?"

வேறு எதையோ கேட்க நினைத்து, அதைத்தான் கேட்டார்.

பதினோராம் நாள் காலையில் கதவைத் திறந்தால், வெயிலில் கறுத்துப்போய் அவள் நின்றாள். அக்காவோடு தினமும் ஆற்றங்கரை வரை நடந்தாளாம். மாஸ்டர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"என்னங்க, புதுசா பாக்கற மாதிரி பாக்கறீங்க? பையை வாங்குங்க, கை வலிக்குது."

அவர் வாங்கிக்கொண்டார்.