அசல் தளத்தில் ஒரு வரி

...ஃபோல்டரைக் காப்பி பண்ணு, பேரை மாற்று, அரை மணி நேர வேலை என்கிறான் க்ரேம், சொல்வதற்கென்ன, மேலாளர், வாய் இருக்கிறது சொல்கிறான், போன வருஷம் அப்படி ஃபோல்டரைக் காப்பி பண்ணித்தானே சோதனைத் தளத்தின் முகவரிப் பட்டியல் அசல் தளத்திலும் அப்படியே கிடந்து, தெற்கு டாஸ்மேனியா முழுக்கப் போக வேண்டிய தீ எச்சரிக்கை இந்த ஹோபார்ட் ஆபீசில் எட்டுப் பேர் கைப்பேசிக்கு மட்டும் வந்தது, உடனே வெளியேறுங்கள் என்று, எட்டுப் பேரும் பிஸ்கட்டும் கையுமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோமே, மறந்துவிட்டானா? டாம்சின் மறக்கவில்லை. ஆறு மாதம் மண்டையை உடைத்து, எத்தனை சர்வர், அதில் எந்த அனுமதிக் கதவு யாருக்குத் திறக்கும் என்பதையெல்லாம் ஒரே நிரலாக எழுதியிருக்கிறாள், சோதனை, பயிற்சி, அசல் மூன்றுக்கும் அது ஒன்றேதான், பேரும் அளவும் மட்டும் தனிச் சீட்டில்... இன்று முதல் தடவையாக அதை அசலோடு ஒப்பிட்டு, மாற்றம் ஏதுமில்லை என்று வந்தால் ஜெயித்தாள், இல்லையென்றால் பழையபடி காப்பிதான், ஆறு மாதமும் குப்பைதான். க்ரேம் வேறு காலைக் காபியோடு முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறான்.

ஒன்று. ஒன்றை அழிக்கப் போகிறேன் என்கிறது திரை. யாரோ அசலில் கையாலேயே ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறார்கள், நிரலில் அது இல்லை, இல்லாததை அது விட்டுவைக்காது.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல, காப்பி பண்ணிடு தாயீன்னு."

"நிரல்ல தப்பு இல்ல க்ரேம். எவனோ கைய வச்சிருக்கான். எவன்னு பாத்து அந்தக் கைய முறிக்கிறேன்."

கோரிதான், கூட வேலை பார்த்தவன், வேறு யார், சும்மா சும்மா அசலில் கை வைக்கிறான் என்று இவள் புகார் எழுதித்தான் மார்ச்சில் அவன் ஒப்பந்தம் நின்றது, போகிற அன்றைக்குக்கூட ஒரு வார்த்தை திட்டாமல் எல்லோருக்கும் லாமிங்டன் கேக் வாங்கிவைத்துவிட்டுப் போனான், கிராதகன்... பதிவைத் திறந்தாள். ஜனவரி, பிற்பகல் மூன்றே கால். பெயர், டாம்சின் பைபஸ்.

அடக் கடவுளே. அந்தப் புகைநாள். ஹுவான் பக்கத்துத் தொண்டர் தீயணைப்புப் படையின் தலைவி மாவிஸ் போனில் கத்தினாளே, "மேப்பு தொறக்கவே மாட்டேங்குதும்மா, இருபத்தாறு பேரு வண்டில ஏறி நிக்கிறோம், தீ எந்தப் பக்கம்னு யாராச்சும் சொல்லுங்க!" மேப்புக்கான கதவை முப்பது விநாடியில் திறந்துவிட்டாள், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தாள், எழுதவேயில்லை.

"யாரு?"

"நான்தான்."

"அப்ப எந்தக் கைய முறிக்கப் போற, வலதா இடதா?"

"சிரி, நல்லாச் சிரி. காப்பி மட்டும் பண்ண மாட்டேன். வேணும்னா என்னையும் வீட்டுக்கு அனுப்பு."

சிரிக்கட்டுமே, அந்த மூன்றே காலுக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டாள், திரும்ப மாவிஸ் கூப்பிட்டாலும் திறப்பாள், ஆனால் அன்று சாயங்காலமே எழுதியும் வைப்பாள். மாவிஸின் கதவைப் பொது நிரலில் சேர்த்தாள், அசலில் ஏற்கெனவே இருப்பது இதுதான் என்று அதற்குப் புரியவைத்தாள், மறுபடி ஒப்பிட்டாள். மாற்றம் ஏதுமில்லை. க்ரேம் உதட்டைப் பிதுக்கி, "சரி, உன் இஷ்டம்" என்று நகர்ந்துவிட்டான், ஜெயித்துவிட்டாள், எழுந்து கூத்தாட வேண்டும்போலத்தான் இருந்திருக்க வேண்டும்... கோரி கை வைத்தது பதினோரு இடம் என்று எண்ணிப் புகாரில் எழுதியவள், ஏன்டா வைத்தாய் என்று அவனை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.