மரக்கணக்கு

ஆற்றுத் தண்ணீரைப் பங்கு போடுகிறவரை எங்கள் பக்கம் மீராப் என்பார்கள். மேலே அக்-தோபே, கீழே குல்போக். இரண்டு ஊருக்கும் ஒரே ஓடை, ஒரே தலைமதகு, ஒரே மீராப். ஏழு வருஷமாக அந்த வேலையைப் பார்த்துவந்தவள் உல்கான். அவளுடைய அப்பா எங்கள் அக்-தோபேயின் கிர்கிஸ், அம்மா குல்போக்கின் உஸ்பெக் பெண். அதனால்தான் இரண்டு ஊரும் ஒத்துப்போய் அவளைத் தேர்ந்தெடுத்தன. தேர்ந்தெடுத்த மறுநாளே அவள் எங்களுக்குக் கீழூர்க்காரி ஆகிவிட்டாள். அவர்களுக்கு மேலூர்க்காரி.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. கட்டட வேலைக்கு ரஷ்யா போன கணவன் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். பிள்ளை இல்லை. ரப்பர் பூட்ஸும் தோளில் மண்வெட்டியுமாகக் காலையிலிருந்து வாய்க்கால் கரையிலேயே நடந்துகொண்டிருப்பாள். யார் வீட்டுக்குள்ளும் போகமாட்டாள். ஒரு வீட்டில் டீ குடித்தால் அடுத்த வீட்டுக்காரன், "அங்க எத்தனை மணி நேரம் கூடுதலா விட்ட?" என்பான். கல்யாண வீட்டுக்கு அழைப்பு வரும். போய் வாசலில் நின்று வாழ்த்திவிட்டு, புலாவ் பரிமாறுவதற்குள் கிளம்பிவிடுவாள். ரொட்டியையும் ஃபிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு மதகுக் கல்லின்மேல் உட்கார்ந்து தனியாகத் தின்பாள். அவள் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே வீடு தம்பி அப்திலாஸுடையது. கூடப் பிறந்தவன் வீட்டுக்குப் போவதை யாரும் குறை சொல்ல முடியாதே.

அந்தக் குளிர்காலம் மலையில் பனி சரியாக விழவில்லை. மே மாதக் கடைசியில் தலைமதகின் அளவுக்கல்லில் ஏழாவது கோட்டைத் தொடவேண்டிய தண்ணீர் மூன்றாவது கோட்டைக்கூட நனைக்கவில்லை. வாரத்தில் நான்கு நாள் எங்களுக்கு, மூன்று நாள் குல்போக்குக்கு என்பது பழைய முறை. இருந்த தண்ணீருக்கு அந்த முறை உதவவில்லை. அவர்களுடைய மூன்று நாளும் வழியிலேயே மண் குடித்துத் தீர்த்தது. ஒருநாள் மத்தியானம் கீழூர்க்காரர்கள் பத்துப் பேர் மண்வெட்டியோடு மதகுக்கு வந்தார்கள். எங்கள் ஆட்கள் கல்லை எடுத்தார்கள். ஒருவனுக்கு மண்டை உடைந்தது. நடுவில் நின்ற உல்கானுக்குத் தோளில் அடி.

மூன்றாம் நாள் பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம் கூடியது. எங்கள் பக்கம் சாதிர் பேசினான். முந்நூறு ஆப்ரிகாட் மரமும் அதற்குத் தகுந்த வாயும் உள்ளவன்.

"என்ன உல்கான், அப்பன் மேல, ஆத்தா கீழ. உன் தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"

"தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடும் சாதிர் அண்ணே. வாயாலயே அத மேட்டுக்கு ஏத்தறது நீங்க ஒருத்தர்தான்."

கீழூர்க்காரர்கள் சிரித்தார்கள். அவர்களுடைய பெரியவர் ரஹ்மான்குல் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிச்சது போதும். வழியச் சொல்லு மகளே," என்றார்.

உல்கான் ஒரு நோட்டைப் பிரித்தாள். அடிபட்ட தோளோடு முந்தின இரண்டு நாளும் இரண்டு ஊர்த் தோட்டங்களிலும் நடந்து மரங்களை எண்ணியிருக்கிறாள். அப்போதுதான் எங்களுக்கு அது தெரிந்தது.

"மேல நாலாயிரத்து நூறு மரம். கீழ மூவாயிரத்துத் தொள்ளாயிரம். வெங்காயத்துக்கு வாராவாரம் தண்ணி வேணும். மரத்த மாசத்துக்கு ஒரு தடவ நனைச்சாப் போதும், உசிரப் புடிச்சுக்கும். வெங்காயம் காஞ்சா ஒரு வருஷம் போச்சு. மரம் பட்டுப்போனா பத்து வருஷம் போச்சு. இந்த வருஷம் வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் ஒரு சொட்டு கிடையாது. நாள் கணக்கு வேண்டாம், மரக்கணக்குலயே பிரிச்சுக்குவோம்."

அவரவர் மனசுக்குள் தன் மரத்தை எண்ணிக்கொண்டிருந்தோம்.

"மரமே இல்லாதவங்க?" என்று ரஹ்மான்குல் கேட்டார்.

"பதினோரு வீடு. கீழ பத்து, மேல ஒண்ணு. மரம் வச்சிருக்கிறவங்க எல்லாரும் காயவச்ச பழத்துல பத்துல ஒரு பங்க அந்தப் பதினோரு வீட்டுக்குக் கொடுக்கணும்."

"மேல அந்த ஒரு வீடு யாரோடது?" என்றான் சாதிர். அவனுக்குத் தெரியாமல் இல்லை.

"என் தம்பி வீடு."

அப்திலாஸ் சுவரோரமாகக் குந்தியிருந்தான். அப்பாவின் நிலத்தைப் பிரித்தபோது மரம் இருந்த துண்டை, அக்கா தனியாள் என்று அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மொட்டை நிலத்தை எடுத்துக்கொண்டவன். அதில் வெங்காயம் போட்டுத்தான் பெண்டாட்டியையும் மூன்று பெண்பிள்ளைகளையும் காப்பாற்றிவந்தான்.

"உனக்குத்தான் எட்டு மரம் இருக்கே, ஏன் சொல்லமாட்ட?" என்று எங்கள் ஆள் ஒருவன் பின்னாலிருந்து கத்தினான்.

"என் எட்டு மரத்துக்கும் தண்ணி வேண்டாம். கணக்குலேர்ந்து அடிச்சிருங்க."

அப்திலாஸ் எழுந்தான். "அக்கா, உன் மரம் செத்துட்டா என் வெங்காயம் பொழச்சுக்குமா?"

அவள் நோட்டை மூடினாள். எங்களைப் பார்த்து, "சம்மதம்னா கையத் தூக்குங்க," என்றாள்.

ரஹ்மான்குல் முதலில் தூக்கினார். சாதிரும் தூக்கினான். கூடப் பிறந்தவனையே விட்டவள் வேறு யாருக்கும் ஓரவஞ்சனை செய்யமாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என்னுடையது நாற்பது மரம். நானும் தூக்கினேன்.

அதற்கப்புறம் சண்டை இல்லை. உல்கான் ஒவ்வொரு தோட்டத்துக்கும் மணிக்கணக்கு எழுதிக் கொடுத்தாள். எங்கள் மரங்கள் நனைந்தன, தண்ணீர் கீழே போய் அவர்களுடையவையும் நனைந்தன. இலை கொஞ்சம் சுருண்டது, அவ்வளவுதான். கீழூரின் கடைசித் தோட்டத்துக்கும் தண்ணீர் வந்து சேர்ந்த அன்று ரஹ்மான்குல் மதகு வரைக்கும் நடந்துவந்து, அவளுக்கு முன்னால் நெஞ்சில் கைவைத்துக் குனிந்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள்.

ஜூன் பாதியில் ஒரு மத்தியானம். வெயிலுக்கு ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. நான் என் தோட்டத்தில் புல்லில் படுத்திருந்தேன். வாய்க்கால் பத்தடிக்குள்தான், அதற்கு அந்தப் பக்கம் அப்திலாஸின் வெங்காய நிலம். மண்ணை வெட்டுகிற சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினேன். அப்திலாஸ் தன் நிலத்து மடையைத் திறந்துகொண்டிருந்தான். வெடித்துக் கிடந்த பாத்திக்குள் தண்ணீர் நுழைந்தது. வெங்காயத் தாள் எல்லாம் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது.

கரையோடு உல்கான் வந்தாள். ஓடவில்லை, கத்தவுமில்லை. மடைப்பலகையைக் கையில் எடுத்தாள்.

"ஒரு மணி நேரம்க்கா," என்றான். "ஒரே ஒரு மணி நேரம். கடைசி நாலு வரிசையாவது தேறும்."

"இது கீழ போற தண்ணிடா."

"யாரு பாக்குறா? ஊரே தூங்குது. நீ வரவே இல்லன்னு வச்சுக்கோ. திரும்பி அப்படியே போயிரு."

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். நான் தலையைப் புல்லில் அழுத்திக்கொண்டேன். அவள் கண்ணுக்கு யாரும் பட்டிருக்கமாட்டார்கள். பலகையோடு அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் முதல் வரிசையைத் தாண்டி இரண்டாவதின் நடுவரைக்கும் போய்விட்டது. அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து பலகையை இறக்கி, இரண்டு மண்வெட்டி மண்ணை அள்ளிப்போட்டு பூட்ஸ் காலால் மிதித்தாள்.

அப்திலாஸ் தடுக்கவில்லை. "நீ ஜெயிச்சுட்டக்கா," என்றான். "ரெண்டு ஊரும் உன்னக் கொண்டாடும். போய் அவங்களோடயே இருந்துக்கோ." மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

அவள் அந்த மண்வெட்டியை எடுத்து, வாய்க்காலில் அலம்பி, அவன் வேலியில் சாய்த்துவைத்தாள். கரையில் உட்கார்ந்தாள். முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டாள், திரும்பத் திரும்ப. எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். 'நான் பாத்தேன் உல்கான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பார்த்தவன் என்று தெரிந்தால் எனக்குச் சங்கடமா அவளுக்கா என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். அதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள். இன்றுவரை நான் அதை அவளிடம் சொல்லவில்லை.

பத்து நாளில் அப்திலாஸ் ரஷ்யாவுக்குக் கிளம்பினான். வேன் நிற்கும் இடத்துக்கு உல்கான் ஒரு துணிமூட்டையில் ரொட்டியோடு வந்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. மூட்டையை டிரைவரிடம் கொடுத்து, "பசிச்சாக் குடுங்க, யார் குடுத்தான்னு சொல்லவேண்டாம்," என்றாள். அதன்பிறகு தம்பி மனைவி குலாயிமும் வீட்டுக் கதவை அவளுக்குச் சாத்திவிட்டாள். தண்ணீர் எடுக்க வரும்போது நாத்தனார் கரையில் இருந்தால் பாதி வழியிலேயே திரும்பிவிடுவாள்.

ஆகஸ்டில் பறித்த பழம் காய்ந்து முடிந்தது. பத்தில் ஒரு பங்கு என்று கையைத் தூக்கியவர்களில் பாதிப் பேர்தான் கொடுத்தோம். சாதிர் பூச்சி அரித்ததாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தான். நான் நல்லதாகத்தான் கொடுத்தேன், ஆனால் மூட்டை சின்னது. உல்கான் வீடு வீடாக வாசலில் நின்று கேட்டாள். "என்னடி, பிச்சையா?" என்று சாதிரின் பெண்டாட்டி கேட்டபோது, "ஆமா அக்கா, பதினோரு வீட்டுக்கு," என்றாள். வாங்கியதைக் கழுதையில் ஏற்றிப் பத்து வீட்டுக்குத் தானே கொண்டுபோனாள். பதினோராவது வீட்டுக்குக் கொண்டுபோகும்படி என்னிடம் கொடுத்தாள். அவளுடைய எட்டு மரத்தில் ஐந்து பட்டுப்போயின.

மார்ச்சில் வாய்க்கால் தூர் எடுக்க இரண்டு ஊரும் திரண்டன. வீட்டுக்கு இத்தனை அடி என்று அளந்துவிட்டிருந்தாள். தூர் எடுக்குமுன் கூட்டம் போட்டு, இன்னும் மூன்று வருஷத்துக்கு அவளே மீராப் என்று எல்லோருமாகக் கையைத் தூக்கியிருந்தோம். ஒரு கைகூடத் தாழவில்லை. அவள் நன்றி சொன்னாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

எனக்குச் சற்றுத் தள்ளி நின்று அளந்துகொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. எண்ணைப் பார்த்தாள். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினாள்.

"சொல்லுடா," என்றாள்.

அந்தப் பக்கம் இரைச்சல். எனக்கே கேட்கிற அளவுக்கு அப்திலாஸ் உரக்கப் பேசினான். "மலையில பனி எப்படி இருக்கு?"

அவள் நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். தினம் பார்க்கிற மலைதான். ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். "நல்லா விழுந்திருக்கு. கணவாயில ஆள் உசரத்துக்கு நிக்குதாம்."

"அப்ப தண்ணி வரும்."

"வரும்டா."

"சரி," என்று சொல்லி வைத்துவிட்டான். எப்போது வருகிறாய் என்று இவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அப்திலாஸ் வீட்டுப் பங்கான முப்பது அடியைக் குலாயிம் தனியாக வெட்டிக்கொண்டிருந்தாள். உல்கான் அதன் மறுகோடிக்குப் போய் வாய்க்காலுக்குள் இறங்கினாள். குலாயிம் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தாள். போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் சேறு அள்ளினார்கள்.