பூட்டிய பக்கத்தில் ஒரு பதில்

என் வீட்டுக்காரருக்கு யாரையும் நம்பத் தெரியாது. ஒரு கம்பெனியில் சர்வர்களைக் கட்டிக் காக்கிற வேலை. அந்தச் சந்தேக புத்தியைச் சாயங்காலம் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். ஊரே பயன்படுத்துகிற செயலிகள் இவருக்கு ஓட்டைப் பானைகள். "நம்ம வீட்டுப் பேச்சை எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல எதுக்கு வைக்கணும்?" என்று ஒரு பழைய கம்ப்யூட்டரைச் செருப்பு அலமாரிமேல் ஏற்றி, எங்கள் குடும்பத்துக்கென்றே ஓர் அரட்டைப் பக்கத்தை ஓடவிட்டார். குடும்பம் என்றால் இவர், நான், வேறு ஊரில் வாடகை வீட்டில் தனியாக இருந்த மாமனார். அவ்வளவுதான்.

இரும்புப் பட்டறைச் சத்தத்திலேயே காலம் தள்ளியதில் மாமாவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. போன் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார். மகன் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் எங்கள் பக்கம் ஒன்றுதான் அவருக்கு வாசல். எப்போதாவது இரண்டு வரி எழுதுவார். இவர் அவருக்குப் பாடமே நடத்தியிருந்தார்: சிவப்பாக எச்சரிக்கை வந்தால் எதையும் தொடக் கூடாது, உடனே மூடிவிட வேண்டும், நடுவில் எவனோ புகுந்திருக்கிறான் என்று அர்த்தம். மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஒரு நாள் மத்தியானம் மாமா எழுதினார்: "ஓனர் வீட்டைக் கேக்குறார். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். நான் அங்கேயே வந்துடவா? யோசிச்சுச் சொல்லு."

யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனிதர். அந்த ஒரு வரியை எத்தனை முறை எழுதி அழித்தாரோ.

இவர் ஆபீஸிலிருந்து தலைகால் புரியாமல் ஓடிவந்தார். பல வருஷமாக அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்தவர்.

"உடனே வாங்கப்பான்னு ஒரு வார்த்தை போடுங்களேன்" என்றேன்.

"இரு. வீடு வாசல்னு இனிமே எல்லாம் இதுலதான் வரும். நாம எழுதறது இன்னும் ஒட்டாத கவர் மாதிரி போயிட்டிருக்கு. முதல்ல பூட்டைப் போட்டுடறேன்."

பூட்டாமல் எதையும் அனுப்ப மாட்டார். அது இவர் வழக்கம்.

எழுதுவதை யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கி அனுப்ப, சர்வருக்கு ஒரு சான்றிதழ் வேண்டுமாம். அதைக் கொடுப்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. இவராவது, வெளியாளை நம்புவதாவது! தானே ஒன்றைத் தயாரித்துத் தானே கையெழுத்தும் போட்டு முன்பே வைத்திருந்தார். அப்படிப்பட்டதை ஒவ்வொரு கருவியிலும் நாமே ஏற்றி வைத்தால்தான் அந்தக் கருவி அதை நம்பும். என் போனில் ஏற்றினார், தன் போனில் ஏற்றினார்.

"மாமாவோடதுல?"

"போன தடவை போனப்பவே ஏத்திட்டேனே."

பழைய திறந்த வழியை அடைத்துவிட்டு, ஆற அமர உட்கார்ந்து எழுதினார்: "வாங்கப்பா. இதுக்கு யோசிக்க என்ன இருக்கு? உங்க ரூம் ரெடி." ஜன்னலோரம் கட்டிலைத் தள்ளிப் போட்டிருப்பதாக நானும் ஒரு வரி சேர்த்தேன்.

பதில் வரவில்லை. திரும்பவும் எழுதினார். அதற்கும் பதில் இல்லை.

"உடனே சொல்லலைன்னு கோவிச்சுக்கிட்டார்போல. அவரை அவசரப்படுத்தினா இன்னும் முறுக்கிக்குவார்" என்றார். நேரில் போய்ப் பாருங்கள் என்று நச்சரித்தேன். இந்தச் சனிக்கிழமை, அடுத்த சனிக்கிழமை என்று ஆபீஸ் வேலை இழுத்துக்கொண்டே போனது. நானாவது கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை.

மாசக் கடைசியில் போனபோது அந்த வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். "முதியோர் இல்லத்துக்குப் போயிட்டாரே, உங்ககிட்ட சொல்லலையா?" என்றார் ஓனர்.

இல்லத்தில் மாமா எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தார். இவர் டேப்லெட்டை வாங்கித் திறந்தார். திரை முழுக்கச் சிவப்பு. போன தடவை சான்றிதழை ஏற்ற உட்கார்ந்தவர், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பாதியில் எழுந்ததை அப்போதுதான் நினைத்துக்கொண்டார்.

"நீ சொன்னியேடா, சிவப்பு வந்தா தொடக் கூடாதுன்னு. நான் தொடவே இல்லை" என்றார் மாமா, காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "தினம் திறந்து பார்ப்பேன். நான் கேட்ட அன்னிக்கு ராத்திரியிலேருந்துதான் இப்படி. சரி, நீதான் பூட்டிட்டேன்னு நினைச்சேன். உனக்கும் என்ன கஷ்டமோ."

இவர் அங்கேயே சான்றிதழை ஏற்றினார். பக்கம் திறந்தது. "வாங்கப்பா" என்று தொடங்கி இவர் எழுதியவை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். நான் கட்டிலடியில் இருந்த அவர் பெட்டியை எடுத்தேன். இவர் அடியில் புதிதாக எழுதிக் காட்டினார்: "இப்பவே கிளம்புங்க."

மாமா என் கையிலிருந்து பெட்டியை மெல்ல வாங்கி, பழைய இடத்திலேயே தள்ளினார்.

"படிச்சதே போதும்டா, நிம்மதியாச்சு. ஆனா உங்களை எதிர்பார்க்காம இருக்க இப்பத்தான் கொஞ்சம் பழகியிருக்கேன். மறுபடியும் முதல்லேருந்து என்னால முடியாது."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். அவர் மகன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்.